காதால் பார்த்த படம்

நேயர்களுக்கு வணக்கம். பழைய தமிழ்ப் படங்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். கண்ணால் பார்க்கிற சங்கதியை வானொலியில் எப்படிப் பேசுவது என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. 'திருவிளையாடல்' படத்தைப் பார்ப்பதற்குப் பல வருஷம் முன்பே அதை முழுக்கக் கேட்டு முடித்தவன் நான்.

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். அம்மன் கோவில் கொடைத் திருவிழா என்றால் முதல் நாளே ரேடியோ செட் வந்துவிடும். வேப்பமரத்து உச்சியில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டுவார்கள். காலையில் பக்திப் பாட்டு, வெயில் ஏறியதும் படத்தின் வசனம் பதிந்த இசைத்தட்டு. ஏழைப் புலவன் தருமியாக வரும் நாகேஷின் புலம்பல் நாலு தெருவுக்கும் கேட்கும். கேள்வியும் பதிலும் பறக்கும். நாகேஷ் எப்படி இருப்பார் என்று தெரியாமலே அவருக்கு ஆளுக்கொரு முகம் செய்து வைத்திருந்தோம்.

எங்கள் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெற்றிலை இடித்துக்கொண்டே, "கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி" என்பாள். அடுத்த வரியும் வரும். அது குறுந்தொகையின் 2ஆம் பாட்டு, இறையனார் பாடியது என்று எனக்குத் தெரிந்தது கல்லூரிக்குப் போன பிறகுதான். உ.வே.சா. 1937இல் உரையோடு பதிப்பித்த நூலை ஆச்சி கண்ணால்கூடப் பார்த்ததில்லை. என் காதலியின் கூந்தலைவிட மணமுள்ள பூவை நீ அறிவாயா என்று வண்டைக் கேட்கிற பாட்டு அது. 1965இல் வந்த ஒரு படம் அதை ஒரு வேப்பமரத்திலிருந்து அவள் காதில் போட்டுவிட்டது.

அந்தக் காலப் படங்களைப் பற்றி ஒரு குறை சொல்வார்கள்: நாடகத்தை அப்படியே படம் பிடித்தார்கள், கேமரா நகரவே இல்லை என்று. உண்மைதான். 1931இல் தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' பேச ஆரம்பித்தபோது நடிக்க வந்தவர்கள் மேடையிலிருந்து வந்தவர்கள். 'திருவிளையாடல்' படத்தை எழுதி இயக்கி நக்கீரராகவும் நடித்த ஏ.பி. நாகராஜனே டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்தவர். ஆனால் மேடையில் பழகியவர்களுக்குக் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசத் தெரியும். படத்தைக் கழற்றி எடுத்துவிட்டாலும் அந்தச் சினிமா நிற்கிறதே! இன்றைய படம் ஒன்றின் ஒலியை மட்டும் போட்டுக் கேட்டுப் பாருங்கள், பாதி புரியாது.

1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி' அப்படி நின்ற படம். சிவாஜி கணேசனுக்கு முதல் படம், கருணாநிதியின் வசனம். தடை செய்ய வேண்டும் என்றுகூடக் குரல் எழுந்தது. கொட்டகை வாசலில் கதை வசனப் புத்தகம் விற்பார்கள். அதை வாங்கி மனப்பாடம் செய்து, கண்ணாடி முன்னால் நின்று நீதிமன்றக் காட்சியைப் பேசிப் பார்க்காத பையன்கள் குறைவு. மேடை ஏறிப் பேசலாம், நமக்கும் தமிழ் வரும் என்ற தைரியம் பலருக்கு அங்கிருந்துதான் வந்தது. வேறு படங்களுக்கு வசனம் எழுதிய அண்ணா 1967இல் முதலமைச்சரானார், 1969இல் கருணாநிதி. அந்த அரசியல் தனியாகப் பேச வேண்டிய விஷயம், இன்று வேண்டாம்.

எனக்குப் பிடித்த வேடிக்கை வேறு. கோவிலில் நடக்கும் அநியாயத்தைத் தட்டிக் கேட்கும் 'பராசக்தி'யையும், சிவபெருமான் நேரில் வரும் 'திருவிளையாட'லையும் எங்கள் ஊர் செட்காரர் கோவில் வாசலிலேயே அடுத்தடுத்துப் போடுவார். இரண்டிலும் ஒரே சிவாஜி. பூசாரி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நல்ல தமிழ் கேட்டால் போதும் அவருக்கு.

இதில் ஒரு நஷ்டமும் உண்டு. கதாநாயகன் செந்தமிழ் பேசினான். எங்கள் ஊர்ப் பேச்சு சிரிப்பு நடிகருக்கு மட்டும்தான். என்னைப் போல் பேசுகிறவன் அழுதால்கூடக் கொட்டகையில் சிரிப்பார்களோ என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். 1977இல் '16 வயதினிலே' வந்துதான் அந்தக் கூச்சம் போனது. இயக்குநர் மகேந்திரனைப் பாருங்கள். 1974இல் 'தங்கப்பதக்க'த்துக்கு அனல் பறக்க வசனம் எழுதியவர், 1979இல் 'உதிரிப்பூக்கள்' எடுத்தபோது மௌனத்தை நம்பினார். வசனத்தின் பலம் தெரிந்த கை என்பதால்தான் அதை எங்கே நிறுத்தலாம் என்றும் தெரிந்தது என்பது என் எண்ணம்.

ஊரில் தொலைக்காட்சி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை 'திருவிளையாடல்' போட்டார்கள். ஆச்சியைக் கூட்டி வந்து முன்னால் உட்கார வைத்தேன். நக்கீரர் காட்சி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். "ஆச்சி, படம் ஓடுது, முழிச்சுப் பாரு" என்றேன்.

"சும்மா இருல, கேக்கட்டும்" என்றாள்.

நெற்றிக்கண் திறப்பினும் குற்றம் குற்றமே என்று நக்கீரர் முழங்கினார். காட்சி மேலே போனது. ஆச்சி கண்ணைத் திறந்தாள். முகத்தில் ஏமாற்றம். செட்காரரின் தட்டில் அந்த இடத்தில் ஒரு கீறல் இருந்தது. அவர் ஓடி வந்து முள்ளைத் தள்ளிவிடும் வரை 'குற்றமே, குற்றமே, குற்றமே' என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

"ஏழெட்டு வாட்டில்லா சொல்லுவாரு? டிவிக்காரன் வெட்டிப்புட்டானே" என்றாள்.