டிரினிடாட் ஸ்டாம்ப் மேல இருக்கிற பேனா மையைக் கழுவலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு ரெண்டு நாளா மனசை விட்டுப் போகவே இல்லை. ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "அப்பாவோட ஆல்பத்துல டிரினிடாட்னு போட்ட சிவப்பு ஸ்டாம்ப் ஒண்ணு இருக்கு. ஒரு அம்மா ஈட்டி, கேடயத்தோட உக்காந்திருக்காங்க. விலை எங்கயும் போடலை. மேல பேனாவால கோடு இழுத்திருக்கு. அந்த மையைக் கழுவிட்டா நல்ல விலைக்குப் போகுமா?"

தொடர்ந்து பாக்குறவங்களுக்கு நான் என்ன சொல்வேன்னு தெரியும். கழுவாதீங்கம்மா. தயவு செஞ்சு கழுவாதீங்க.

முதல்ல அந்த அம்மா யாருன்னு பாத்துடுவோம். அவங்க பேரு பிரிட்டானியா, பிரிட்டன் நாட்டையே ஒரு பெண்ணா வரைஞ்ச உருவம். லென்ஸ் வச்சுப் பாருங்க, அவங்க உக்காந்திருக்கிறது நாற்காலி இல்லை, சர்க்கரை மூட்டை. அந்தத் தீவு எதுல ஓடிச்சுன்னு அந்த மூட்டையே சொல்லிடும். 1851-ல லண்டன் பெர்கின்ஸ் பேகன் கம்பெனி அச்சடிச்சது. பார்படோஸுக்கும் மொரீஷியஸுக்கும் இதே படம்தான், கீழ பேரு மட்டும் மாறும். டிரினிடாட் ஸ்டாம்ப்ல விலை போடலைன்னா அது ஒரு பென்னி. 1859-ல 4 பென்னி, 6 பென்னி, 1 ஷில்லிங்னு விலை போட்டு வந்தப்பவும் பென்னி ஸ்டாம்புக்கு மட்டும் போடலை.

இப்ப ஓரத்தைப் பாருங்க. பல் இருக்கா? இருந்தா 1851 இல்லை, பின்னாடி வந்தது. பல் இல்லேன்னாலும் உடனே சந்தோஷப்படாதீங்க. பல் இருக்கிற ஸ்டாம்பை நாலு பக்கமும் கத்தரிச்சு, பல் இல்லாததுன்னு விக்கிறவங்க உண்டு. நான் இந்தப் பழக்கத்தை ஆரம்பிச்ச புதுசுல அப்படி ஒண்ணு வாங்கியிருக்கேன். வீட்டுக்கு வந்து லென்ஸ் வச்சப்போதான், ஒரு மூலையில பல்லோட அடித்தடம் அரைவட்டமா தெரிஞ்சுது. அந்த ஸ்டாம்பை இன்னும் பத்திரமா வச்சிருக்கேன், புதுசா வர்றவங்களுக்குக் காட்டுறதுக்காக. நாலு பக்கமும் தாராளமா வெள்ளை ஓரம் இருந்தா நம்புங்க.

அப்புறம் திருப்புங்க. நான் எத்தனை வீடியோல சொல்லியிருக்கேன், ஸ்டாம்போட பாதி ஜாதகம் முதுகுலதான் இருக்கு. ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சாலே சில சமயம் வாட்டர்மார்க், அதாவது தாளுக்குள்ளயே இருக்கிற மறைவான அடையாளம், தெரியும். தெரியலேன்னா நான் கறுப்பு டைல்ஸ் மேல குப்புறப் போட்டு, லைட்டர்ல ஊத்துற பெட்ரோல் ரெண்டு சொட்டு விடுவேன். அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது. ஒரு நொடி, தாள் கறுத்து கிரீடமும் அதுக்குக் கீழ ரெண்டு 'சி'யும் மேல எழும்பி வரும். எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு அலுக்கவே அலுக்காது. கிரீடம், சிசி இருந்தா 1860கள்லயோ அதுக்கு அப்புறமோ வந்தது. நிறைய அச்சடிச்சது, கிடைக்கிறதும் சுலபம்.

லண்டன் சரக்கு தீர்ந்து போனப்போ உள்ளூர்லயே கல் அச்சுல அடிச்சதும் இருக்கு, 1852-ல இருந்து. அதுல மை தாளோட தாளா படிஞ்சிருக்கும். லண்டன் அச்சுல கோடு கொஞ்சம் மேடா நிக்கும். கல் அச்சா இருந்தா அதோட மதிப்பே வேற.

சரி, பேனா கோடு. நீங்க விலையைக் கேட்டீங்க. இந்தக் கோட்டை யார் போட்டாங்கன்னு கேட்டிருந்தா நான் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். ஏன்னா டிரினிடாட்ல பேனா மைக்கு ஒரு கதை இருக்கு. இந்த பிரிட்டானியாவுக்கு நாலு வருஷம் முன்னாடி, 1847-ல, டேவிட் பிரைஸ்னு ஒரு கப்பல் முதலாளி 'லேடி மெக்லியோட்'ங்கிற தன் நீராவிக் கப்பலுக்கு நீல நிறத்துல ஸ்டாம்ப் போட்டார். போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கும் சான் ஃபெர்னாண்டோவுக்கும் நடுவுல கடிதம் கொண்டுபோக ஒண்ணு 5 சென்ட், நூறா வாங்கினா 4 டாலர். அதை மறுபடி ஒட்ட முடியாதபடி எப்படி ரத்து பண்ணாங்க தெரியுமா? பேனாவால ஒரு பெருக்கல் குறி, இல்லேன்னா ஒரு மூலையைப் பிய்ச்சு விட்டுடுவாங்க. மூலை போன ஸ்டாம்பைக் கையில வச்சுக்கிட்டு 'சேதாரம்'னு தூக்கிப் போட்டா எவ்வளவு பெரிய நஷ்டம்!

இன்னொண்ணு, 1882-ல பென்னி ஸ்டாம்ப் தட்டுப்பாடு. 6 பென்னி பச்சை ஸ்டாம்ப்ல பழைய விலையை அடிச்சுட்டு, சிவப்பு மையிலயும் கறுப்பு மையிலயும் கையால '1d'ன்னு (d-ன்னா பென்னி) எழுதினாங்க. அந்தக் கையெழுத்துதான் அந்த ஸ்டாம்பே. அதைக் கழுவினா மிஞ்சுறது என்னம்மா?

உங்களோடது சிவப்பு பென்னி, அதனால அது இந்த ரெண்டுலயும் சேராது. பத்திரத்துலயோ ரசீதுலயோ ஒட்டிக் கோடு போட்டதா இருக்க வாய்ப்பு அதிகம். அப்படின்னா தபால் முத்திரை விழுந்ததை விட விலை குறைச்சல்தான். கேட்டலாக்ல, அதாவது ஸ்டாம்ப் விலைப் புத்தகத்துல, இருக்கிற விலை நல்ல நிலையில இருக்கிற ஸ்டாம்பைக் கடைக்காரர் விக்கிற விலை, உங்க கைக்கு வர்றது அதுல ஒரு பங்குதான். ஆனா கழுவினா அந்தப் பங்கும் போயிடும். மை போன இடத்துல தாள் வெளுத்து, சிவப்பும் மங்கி, 'இதைத் திருத்தியிருக்காங்க'ன்னு தெரிஞ்சவங்க ஒரு பார்வையில சொல்லிடுவாங்க.

ஓரமும் முதுகும் தெரியுற மாதிரி ரெண்டு போட்டோ எடுத்து அனுப்புங்க. அப்பாவோட ஆல்பத்துல அதே பக்கத்துல வேற என்ன இருக்குன்னும் எடுங்க. அவர் கையால பக்கத்துல ஏதாவது எழுதி வச்சிருந்தா, அதையும் சேர்த்து.