890 ரூபாய்ப் பேனை என் வாவியைக் கரைத்த கதை

வணக்கம். வழக்கம்போல மட்டக்களப்புக் கல்லடி, வழக்கம்போல மேல்மாடி அறை, வழக்கம்போல நம் கதை ஆட்டத்துக்குக் கையால் வரைகிற வரைபடம். மின்விசிறியின் இரைச்சல் கேட்கிறதென்று போன முறை திட்டினீர்கள், நிறுத்திவிட்டேன். நான் வியர்த்து வழிவதை இன்று யாரும் குறை சொல்லக்கூடாது.

இதைப் பாருங்கள், கமராவுக்குக் கிட்டக் கொண்டுவருகிறேன். இந்த ஊதாக் கறை தெரிகிறதா? நேற்றுப் பின்னேரம் வரை இது வரைபடத்தில் ஒரு வாவி. மூன்று இரவு வேலை. கரையோரமாகக் கண்டல் மரங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று வேர். தேநீர்ச் சாயம் தோய்த்த தூரிகையை ஒரே ஒரு தடவை இழுத்தேன். கறுப்பு மை ஊதாவாகப் பிரிந்து ஓடியது, மரமெல்லாம் ஈசலாகிவிட்டது.

பேனையின் விலை 890 ரூபாய். தண்ணீர் பட்டாலும் கரையாது என்று மூடியில் எழுதியிருக்கிறது. கடைக்காரரிடம் இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் தலையாட்டினார். வந்த ஆத்திரத்தில் வீட்டிலுள்ள பேனைகளையெல்லாம் ஒரு துண்டில் கிறுக்கி, காயவிட்டு, மேலே தேநீரை ஊற்றினேன். எது அசையவில்லை தெரியுமா? தங்கை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் 40 ரூபாய்க் குமிழ்முனைப் பேனை! அதன் மை எண்ணெய்ப் பசை, தண்ணீரைச் சட்டை செய்யாது. என்னுடையது வெறும் சாய மை. நிறமி மை என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதன் துகள் தாளின் நாரில் பிடித்துக்கொண்டால் பிறகு கரையாது. 890 ரூபாய்க்கு 22 குமிழ்முனைப் பேனை வாங்கலாம், மீதி 10 ரூபாயும் கையில் நிற்கும். கணக்குப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

சரி, முதலில் சாயம், காய்ந்த பிறகுதான் கோடு என்று பழைய காணொளியில் படித்துப் படித்துச் சொன்னவனும் நான்தான். இந்த முறை மாற்றிச் செய்தேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மூடியில் எழுதியிருந்தது பொய்தானே?

தாளைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். கல்யாணக் கார்டு அடிக்கும் அச்சகத்தில் வெட்டி ஒதுக்கிய ஓரத்துண்டுகள் இவை. தபாலட்டை அளவுக்குமேல் கிடைக்காது. என் வரைபடங்கள் ஏன் இத்தனை சிறியவை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில், பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. நிலவறை வரைவதென்றால் சதுரக்கோட்டுக் கொப்பி போதும். 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை ஆடுகிற ஆட்டம், வந்த காலத்து ஆட்டக்காரர்களும் கட்டத் தாளில்தான் வரைந்தார்கள். அப்போது ஒரு கட்டம் பெரும்பாலும் பத்து அடி, இப்போது ஐந்து அடி. ஆனால் ஒரு நாட்டைக் கட்டத்துக்குள் அடைத்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது.

இன்னொன்று, தயவுசெய்து தாளின் ஓரத்தை மெழுகுதிரியில் கருக்காதீர்கள். பழையதாகத் தெரியுமாம். கடலுக்குப் போகிற எவன் தன் வரைபடத்தைத் தானே கொளுத்துவான்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பனிமலை வரைந்தேனே, அதைப் பார்த்துவிட்டு ஒருவர் எழுதியிருந்தார்: ஆறுகள் ஒன்றோடொன்று சேருமே தவிர, நடுவழியில் இரண்டாகப் பிரிந்து இரண்டு கடலுக்குப் போகாது என்று. பெரும்பாலும் உண்மைதான். தண்ணீர் தாழ்ந்த வழியைத்தான் தேடும். அநேகமாகக் கழிமுகத்துக்கு வந்த பிறகுதான் கிளை பிரியும். பனியைக் கண்ணால் காணாதவன் பனிமலை வரைந்தால் இப்படித்தான் ஆகும். அதனால்தான் இந்த முறை ஜன்னலைத் திறந்து, தெரிகிறதை வரைந்தேன்.

நம்முடைய மட்டக்களப்பு வாவிக்குக் கடலோடு இரண்டு வாசல். பாலமீன்மடுப் பக்கம் ஒன்று, தெற்கே கல்லாற்றில் ஒன்று. மாரி வெள்ளம் ஏறி வயல் மூழ்கும்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். கோடையில் கடல் மணலைத் தள்ளி மறுபடி மூடிவிடும். பருவம் பார்த்துத் திறக்கிற கதவு! இத்தனை நாள் நிலவறைக் கதவுக்குப் பூட்டும் மந்திரமும் யோசித்துத் தலையைப் பிய்த்துக்கொண்டேனே.

வரைபட மூலையில் திசை காட்டப் போடுகிற திசைகாட்டிப் பூ எனக்குப் பிடிக்காது, உங்களுக்கும் தெரியும். இங்கே அது தேவையே இல்லை. சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. இரண்டு பெயரை எழுதினேன், கிழக்கும் மேற்கும் வந்துவிட்டன. நடுவில் ஓர் இரும்புப் பாலம். அதன் கீழே மீன் பாடுகிறது என்று ஊரில் சொல்வார்கள். துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைக்க வேண்டும். என் ஆட்டத்தில் இருபது முகப் பகடையில் 15க்கு மேல் விழுந்தால்தான் பாட்டுக் கேட்கும்.

இப்போது இரண்டாவது பிரதி. முதலில் சாயம், நன்றாகக் காய்ந்துவிட்டது, தொட்டுப் பார்த்தேன். தங்கையின் பேனை, கேட்காமல் எடுத்தது. கரைக்கோட்டை ஒட்டி ஒரு கோடு, சற்றுத் தள்ளி இன்னொன்று, இன்னும் தள்ளி மூன்றாவது. இடைவெளி வெளியே போகப் போக அகல வேண்டும். பாருங்கள், தாள் தண்ணீராகிவிட்டது. நாலாவது கோடு போடாதீர்கள், வெங்காயம் போலாகிவிடும்.

முகத்துவாரத்தின் மேல் ஒரு சின்ன மடிப்பு ஒட்டியிருக்கிறேன். மூடியிருந்தால் மணல், தூக்கினால் தண்ணீர். ஆட்டத்தில் மாரி பிறந்தால் தூக்குவேன், அதுவரை தோணி உள்ளே வராது. முதலில் சோற்றுப் பசையால் ஒட்டினேன், காலையில் பார்த்தால் எறும்பு வரிசையாக வாவியைக் கடக்கிறது. இப்போது போத்தல் பசை.

சனிக்கிழமை இரவு ஆட்டம். ஆட்டக்காரர் நான்கு பேரும் தோணியோடு வருவார்கள், கதையில் அது ஆவணி மாதம். மணலை மண்வெட்டியால் வெட்டுகிறோம் என்று ஒருவன் நிச்சயம் சொல்வான். அதற்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. வெட்டிப் பழக்கமுள்ளவர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எழுதுங்கள், வெள்ளிக்கிழமைக்கு முன்னால்.