16-ஆம் நாளுக்குப் பிறகு: துக்கத்தில் இருக்கும் உடம்புக்கு யோகா

[காட்சி: பந்தல் பிரித்த வாசல். அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றுகிறார்கள்.]

வணக்கம். 16-ஆம் நாள் காரியம் முடிந்துவிட்டது. ஊரிலிருந்து வந்த சித்தி, பெரியப்பா எல்லோரும் பஸ் ஏறிவிட்டார்கள். நேற்றுவரை யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து "ஒரு வாய் சாப்பிடும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்று ராத்திரி வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும்தான். என் அம்மா போனபோது எனக்குத் துக்கம் ஆரம்பித்தது அன்றைக்குத்தான். அதுவரை வந்தவர்களுக்குக் காபி கொடுக்கவே நேரம் சரியாக இருந்தது.

அந்த ராத்திரிக்குப் பிறகு வரும் வாரங்களுக்காகத்தான் இந்த வீடியோ. யோகா செய்தால் துக்கம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துக்கத்தைச் சுமந்து திரிகிற உடம்புக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவு' பெரிய விஷயம்.

[காட்சி: தொண்டை, நெஞ்சு, வயிறு ஒவ்வொன்றாக ஒளிரும் உடல் வரைபடம்.]

தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருக்கும். நெஞ்சில் பாரம். விடியற்காலை 3 மணிக்கு முழிப்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒரு பெருமூச்சு. பதஞ்சலியின் யோக சூத்திரம் என்ற பழைய நூல் இதைக் கவனித்திருக்கிறது. அதன் முதல் அத்தியாயத்தின் 31-ஆவது சூத்திரம், மனம் நிலைகுலையும்போது கூடவே வருபவை என்று நான்கைச் சொல்கிறது: துக்கம், மனத்தளர்ச்சி, உடல் நடுக்கம், மூச்சுத் தடுமாற்றம். நான்கில் இரண்டு உடம்பைப் பற்றியவை. 34-ஆவது சூத்திரம் ஒரு வழியும் காட்டுகிறது: மூச்சை வெளியே விடுவது, நிறுத்துவது. நிறுத்துவதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வெளியே விடுவதை மட்டும் பிடித்துக்கொள்வோம்.

ஏன் வெளிமூச்சு? மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பின் வேகம் கொஞ்சம் கூடும், விடும்போது குறையும். மூளையிலிருந்து கழுத்து வழியாக இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்புக்கு இதில் பெரிய பங்கு உண்டு. நிதானமாக மூச்சு விட்டபடி மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள், சிலருக்கு விரலிலேயே தெரியும். வெளிமூச்சு நீண்டால், அமைதிப்படுத்தும் அந்த நரம்புக்கு வேலை செய்யக் கூடுதல் நேரம் கிடைக்கிறது.

ஒப்பாரி வைக்கும் பாட்டிகளைக் கவனித்திருக்கிறீர்களா? வெடுக்கென்று ஓர் இழுப்பு, அப்புறம் அடிவயிறு ஒட்டும்வரை நீளும் ராகம். உடம்பு முன்னும் பின்னும் ஆடும். தோளோடு தோள் சேர்ந்திருக்கும். அவர்கள் சூத்திரம் எதையும் படித்தவர்கள் இல்லை. நமக்கோ, வாய்விட்டு அழுதால் பக்கத்து ஃபிளாட்டுக்குக் கேட்குமே என்று தலையணையைக் கடித்துக்கொள்ளும் வாழ்க்கை. அந்த நீண்ட மூச்சை வேறு எங்காவது தேட வேண்டியிருக்கிறது.

[காட்சி: பாய், ஒரு தலையணை, ஒரு நாற்காலி.]

சரி, செய்து பார்ப்போம். பத்து நிமிடம் போதும்.

பாயில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலியின் மேல் வையுங்கள். முழங்கால் மடங்கியிருக்கட்டும். முதுகு தரையில் அழுந்தும். ஒரு கை வயிற்றில். எதையும் மாற்றாமல் மூச்சை மட்டும் கவனியுங்கள். எங்கள் வீட்டில் கைக்கு எட்டிய நாற்காலி அம்மா உட்காருவது. அதில் காலை வைக்க மனசு வரவில்லை. கட்டில் விளிம்பில் வைத்துக்கொண்டேன். அதுவும் சரிதான்.

பிறகு எழுந்து உட்காருங்கள். மூச்சை இழுத்தபடி கைகளை மெதுவாக உயர்த்துங்கள், விட்டபடி இறக்குங்கள். கை மூச்சைவிட வேகமாகப் போகக் கூடாது. ஆறு முறை. தோள் வலித்தால் பாதி உயரம் போதும். 1989-இல் சென்னையில் மறைந்த யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார், அவர் மகன் தேசிகாச்சார் ஆகியோரின் வழியில் வந்த ஆசிரியர்கள் அழுத்திச் சொல்வது இதுதான்: ஆளுக்குத் தகுந்தபடி யோகாவை மாற்று, யோகாவுக்காக ஆளை வளைக்காதே. தூக்கமில்லாமல், சரியாகச் சாப்பிடாமல் இருக்கும் ஆளுக்கு இது இன்னும் பொருந்தும்.

அடுத்தது பிராமரி. வாயை மூடி, பற்கள் சற்று விலகியிருக்க, வண்டு மாதிரி 'ம்ம்ம்' என்ற ரீங்காரத்தோடு மூச்சை விடுங்கள். காதை மூடுவது உங்கள் விருப்பம். இதில் எண்ணிக்கை தேவையில்லை, ரீங்காரமே வெளிமூச்சை நீட்டிவிடும். நடுவில் குரல் உடைந்து அழுகை வரலாம். வந்தால் அழுங்கள். பயிற்சி கெட்டுவிடாது.

[காட்சி: தரையில் ஒருக்களித்துப் படுத்திருக்கும் பெண். தலைக்கும் முழங்கால்களுக்கு நடுவிலும் தலையணை.]

கடைசியில் வருவது சவாசனம். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பெயரிலேயே சவம் இருக்கிறது. ஹாலில், தலைமாட்டில் விளக்கோடு படுக்க வைத்திருந்த உடம்பைப் பார்த்து சில வாரங்கள்கூட ஆகாதவரிடம் "கையை விரித்து, கண்ணை மூடி, சவம் மாதிரி அசையாமல் படுங்கள்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு வகுப்பில் வியர்த்துவிட்டது. எழுந்து வெளியே போய்விட்டேன். யாரும் தப்பு செய்யவில்லை, ஆசிரியருக்குத் தெரியாது. உங்களுக்கும் அப்படி இருந்தால் வகுப்புக்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஒருக்களித்துப் படுக்கலாம், கண்ணைத் திறந்தே வைத்திருக்கலாம், சுவரில் சாய்ந்து உட்காரலாம். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்தப் பெயருக்குப் பதிலாக 'ஓய்வு' என்று சொல்லிப் பாருங்களேன்.

கபாலபாதி, பஸ்த்ரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகள் இப்போது வேண்டாம். ஏற்கெனவே படபடக்கும் நெஞ்சுக்கு அவை எண்ணெய் ஊற்றும். இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் எதையும் தொடங்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

நன்றாகத் தூங்கி எழுந்த முதல் நாள் ஒரு குற்ற உணர்ச்சி வரும். அவர் இல்லாத வீட்டில் எனக்கு எப்படித் தூக்கம் வந்தது என்று. இழப்புக்குள் போவதும், அதிலிருந்து விலகி அன்றாட வேலைகளைப் பார்ப்பதும் மாறி மாறி நடக்கும் என்று ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் எழுதினார்கள். விலகி நிற்கும் நேரமும் துக்கத்தின் ஒரு பாகம்தான். அந்தப் பத்து நிமிடத்துக்கு நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

[காட்சி: ஜப்பானிய மீனவர்களின் வாய் குறுகிய மண்பானை.]

இந்தப் பானை ஆக்டோபஸ் பிடிக்க. பெயர் டகோட்சுபோ. கடும் அதிர்ச்சியில் சிலருக்கு இதயத்தின் இடது கீழறை இந்த வடிவில் உப்பிவிடும். ஜப்பானிய மருத்துவர்கள் 1990-இல் இதைப் பதிவு செய்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. அதனால், நெஞ்சு வலி வந்தால் "துக்கம்தான்" என்று மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவமனை.

ஓராண்டு கடந்தும் ஏக்கம் கொஞ்சமும் குறையாமல், அன்றாட வாழ்க்கையே நின்றுபோயிருந்தால், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஓராண்டு காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பேசுங்கள். மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

இப்போது நாற்காலியை இழுத்துப் போடுங்கள். அல்லது கட்டிலை ஒட்டிப் பாயை விரியுங்கள். ரீங்காரத்தை நான் ஆரம்பிக்கிறேன், முடிந்தால் சேர்ந்துகொள்ளுங்கள்.

[திரை மெல்ல இருளாகிறது. ரீங்காரம் மட்டும், ஆறு மூச்சு.]