20 மில்லி குறைந்த கிண்ணமும் பூரிம் போதையும்

வணக்கம் மக்களே. இன்று கொஞ்சம் கடுப்பில் இருக்கிறேன். இந்தக் கிண்ணத்தைப் பாருங்கள். ஜெருசலேமில் மஹானே யெஹூதா சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் 80 ஷெக்கல் கொடுத்து வாங்கினேன். வெள்ளி இல்லை, முலாம்தான். 150 மில்லி பிடிக்கும் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். இங்கே நான் பார்த்துக்கொள்ளும் யூதத் தாத்தாவுக்கு மருந்து கொடுக்கும் 10 மில்லி சிரிஞ்சால் அளந்தேன். 13 தடவையில் விளிம்பு வந்துவிட்டது. 14ஆவது ஊற்றினால் மேசையெல்லாம் ஈரம். மூன்று முறை அளந்தும் அதே 130.

இருபது மில்லிக்கு இவ்வளவு ஆட்டமா என்பீர்கள். வெள்ளிக்கிழமை இரவு, யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கும்போது, ஒயின் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லும் ஆசீர்வாதம்தான் கித்துஷ். அந்தக் கிண்ணம் ஒரு 'ரெவியித்' என்ற பழங்கால அளவு பிடிக்க வேண்டும். அது எவ்வளவு என்பதில்தான் இரண்டு கட்சி. ஒன்று 86 மில்லி என்கிறது, இன்னொன்று 150. எபிரேயத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. கிண்ணத்துக்கு 'கோஸ்', கூட்டினால் 86. எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? 'கோஸ் ஹகூன்', தகுந்த கிண்ணம், கூட்டினால் 150! நம் தாத்தா 150 கட்சி. இத்தனை அளவு பார்த்துவிட்டுக் குடிப்பது என்னவோ ஒரு கன்னம் நிறையத்தான். திராட்சைச் சாறாக இருந்தாலும் செல்லும்.

ஆங், சொல்ல மறந்துவிட்டேன், நான் அளந்தது தண்ணீரில். காய்ச்சாத ஒயினை யூதரல்லாத நான் ஊற்றினால் தாத்தா தொட மாட்டார். பாலும் இறைச்சியும் கலக்கவே கூடாத இந்த வீட்டில் பால் கரண்டியை இறைச்சிப் பாத்திரத்தில் போட்டுத் திட்டு வாங்கிய வீடியோ ஞாபகம் இருக்கிறதல்லவா? ஒரு தடவை போதும்.

சரி, பூரிம் வீடியோவுக்கு வருவோம். பூரிம் என்றால், யூதர்களை அழிக்கப் பார்த்த ஆமானிடமிருந்து மொர்தெகாயும் எஸ்தரும் அவர்களைக் காப்பாற்றிய கதையைக் கொண்டாடும் பண்டிகை. ஜெருசலேம் பழைய மதில் நகரம் என்பதால் இங்கே ஒரு நாள் தள்ளித்தான் பூரிம். வேடம் போட்டுத் தள்ளாடிய பையன்களைக் காட்டினேனே, உடனே "குடிப்பதே கடமையா? எங்களையும் சேர்த்துக்கொள்வார்களா?" என்று ஆரம்பித்துவிட்டீர்கள்!

யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத்தில் அப்படி ஒரு வரி இருப்பது உண்மைதான். 'ஆமான் சபிக்கப்பட்டவன்', 'மொர்தெகாய் ஆசீர்வதிக்கப்பட்டவன்' இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குக் குடிக்க வேண்டும் என்கிறார் அதில் வரும் ரவா என்ற அறிஞர். இரண்டையும் எழுத்தெண்ணிக் கூட்டினால் 502 வரும். அந்தக் கூட்டல் தடுமாறினால் போதும் என்று ஒரு விளக்கம் இருக்கிறது. எனக்கு நிதானத்திலேயே அந்தக் கூட்டல் வராது!

ஆனால் உடனேயே ஒரு கதை வருகிறது. ரப்பா (இவர் வேறு, ரவா வேறு), ரபி செய்ரா என்ற இரண்டு மதகுருக்கள் சேர்ந்து பூரிம் விருந்து சாப்பிடுகிறார்கள். போதை ஏறிய ரப்பா எழுந்து செய்ராவின் கழுத்தை அறுத்துவிடுகிறார்! மறுநாள் மன்றாடி உயிர்ப்பிக்கிறார். அடுத்த வருஷம், வாருங்கள், சேர்ந்து கொண்டாடலாம் என்று கூப்பிடுகிறார். எல்லாத் தடவையும் அற்புதம் நடக்காது என்கிறார் செய்ரா. இரண்டு நாள் சிரித்தேன். கடமை என்று சொன்ன பக்கத்திலேயே கொலையையும் வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் இவர்களை எனக்குப் பிடிக்கிறது.

பிற்காலத்து யூதச் சட்ட அறிஞர் மைமோனிடஸ், குடித்துத் தூங்கிவிடு என்றார். 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவில் இருந்த ரபி மோசே இஸ்ஸர்லெஸ் சொன்னது இன்னும் சுலபம்: வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடக் குடித்துவிட்டுத் தூங்கினால் போதும், தூக்கத்தில் ஆமான் யார், மொர்தெகாய் யார் என்று தெரியாது. தாத்தா இந்தக் கட்சி. அரைக் கிண்ணம், மூன்று மணி நேரக் குறட்டை.

நான் தொடவே மாட்டேன் என்று அவரிடம் பெருமையடித்தேன். இந்த இனிப்பு ஒயின் எனக்கு இருமல் மருந்துதான். அவர் பைபிளின் எண்ணாகமத்தை எடுத்தார். ஒயினை விலக்கும் நசரேயன் விரதம் முடிந்ததும் பாவநிவாரண பலி கொடுக்க வேண்டும். என்ன பாவம்? ஒயினை விலக்கித் தன்னை வருத்திக்கொண்டதுதான் என்கிறார் ரபி எலாசார் ஹகப்பார். வாயடைத்துப் போனேன். இருந்தாலும் குடிக்க மாட்டேன்!

இன்று வெள்ளி, கடையெல்லாம் மூடியாயிற்று. இரவு கித்துஷுக்கு டீ டம்ளர்தான். அது 200 பிடிக்கிறது, அளந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சிரிஞ்சையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறேன். மாற்றித் தரவில்லையென்றால் அடுத்த வீடியோ அங்கேயிருந்துதான்.