மேல் படுக்கையில் படுத்திருந்தவன்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இனவெறி இயக்கங்களின் வேர் அயலார் மீதுள்ள அச்சமா, பெண் மீதுள்ள ஆதிக்கமா என்பது கேள்வி. ஆதிக்கம்தான் என்கிறது எங்கள் அணி.

எதிரணித் தம்பி கேட்டார்: "கூடையில் ஒரு மாம்பழம் அழுகினால் தோப்பையே வெட்டுவீர்களா அக்கா?" நீங்களும் கைதட்டினீர்கள். சரி தம்பி, அந்த மாம்பழத்தைப் பற்றியே பேசுவோம்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலம், 1925. வெள்ளை இனவெறி இயக்கமான கூ க்ளக்ஸ் கிளானுக்கு அங்கே ஏறத்தாழ 2,50,000 உறுப்பினர்கள். வெள்ளைப் பெண்ணின் மானம் காப்போம் என்று சத்தியம் செய்தவர்கள். தலைவன் டி.சி. ஸ்டீபன்சன். "இந்தியானாவில் நான்தான் சட்டம்" என்றவன்.

மார்ச் மாதத்தில் ஓர் இரவு, மேட்ஜ் ஓபர்ஹோல்ட்சர் என்ற 28 வயதுப் பெண்ணை வீட்டுக்கு வரவழைத்தான். வெள்ளைப் பெண் தம்பி, அவர்கள் காப்பதாகச் சொன்ன அதே வெள்ளைப் பெண்! வற்புறுத்திக் குடிக்க வைத்தான். சிகாகோ ரயிலில் ஏற்றினான். பெட்டிக்குள் சிதைத்தான். உடம்பெல்லாம் பல் பதிந்த காயம். அப்போது அதே பெட்டியில் மேல் படுக்கையில் அவனுடைய ஆள் ஒருவன் படுத்திருந்தான். மறுபடி சொல்கிறேன், மேல் படுக்கையில்! ஒரு மாம்பழமா தம்பி?

மறுநாள் தொப்பி வாங்கக் காசு கேட்டாள் அந்தப் பெண். தொப்பி வாங்கினாள். அப்புறம் மருந்துக்கடையில் பாதரச மாத்திரை வாங்கி விழுங்கினாள். ரத்தம் கக்கியவளிடம் அவன் சொன்னது, கல்யாணம் செய்துகொள் என்று. மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை.

அயலார் அச்சம் என்கிறீர்கள். மானம் காக்கிறோம் என்று சொல்லித்தான் கறுப்பின ஆண்களை மரத்தில் தொங்கவிட்டார்கள். அது பொய் என்று 1892இல் மெம்ஃபிஸில் எழுதிய கறுப்பினப் பெண் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸின் பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். இந்தப் பக்கம் கயிறு, அந்தப் பக்கம் ரயில் பெட்டி. இரண்டுக்கும் ஒரே சத்தியம்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரே நிமிடம். மேட்ஜைக் கொண்டுவந்து அவள் வீட்டில் போட்ட ஸ்டீபன்சனின் ஆள், கார் விபத்து என்று சொல்லிவிட்டுப் போனான். அப்படியே விட்டிருக்கலாம் அவள். எந்த வீட்டில்தான் இதை வெளியே சொல்ல விடுவார்கள்? ஆனால் சாகும் படுக்கையில் வழக்கறிஞரிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள். ஏப்ரல் 14 அன்று கண் மூடினாள். நீதிமன்றத்தில் அவள் வாக்குமூலம் பேசியது. ஸ்டீபன்சனுக்கு ஆயுள் தண்டனை. ஆயிரக்கணக்கானோர் இயக்கத்தை விட்டு ஓடினார்கள்.

தம்பி, உங்களுக்கும் அக்கா தங்கை இருப்பார்கள். அந்தப் பிள்ளை விஷம் ஏறிய உடம்போடு, நடுங்கும் கையால், ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டாளே!