சப்ஸ்டேஷனுக்குப் போகிறேன் அப்பா

நேயர்களுக்கு வணக்கம்.

மெட்டல் என்கிற அதிரடி ராக் இசையைப் பற்றித் தமிழ் வானொலியில் பேச வாருங்கள் என்று தயாரிப்பாளர் கூப்பிட்டார். கூப்பிட்ட கையோடு, "பாட்டு எதுவும் போட வேண்டாம், சரியா?" என்றும் கேட்டுக்கொண்டார். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அதனால் ஒலியைக் குறைக்க யாரும் எழுந்து ஓட வேண்டாம். கோப்பியை நிம்மதியாகக் குடியுங்கள்.

தொழிலில் நான் எலெக்ட்ரிஷியன். அப்பா பியுபியில், அதாவது பொதுப் பயனீட்டுக் கழகத்தில், கேபிள் இணைக்கிற வேலையில் இருந்தவர். அந்தக் காலத்தில் நம் சிங்கப்பூரில் மின்சாரம் பியுபியின் கையில்தான் இருந்தது. 1994இல் எனக்கு 15 வயது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, "சப்ஸ்டேஷனுக்குப் போகிறேன் அப்பா" என்றேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "எந்த சப்ஸ்டேஷன்? பூட்டித்தானேடா இருக்கும்? உள்ளே போனால் உயிர் போயிடும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவருக்குத் தெரிந்த சப்ஸ்டேஷன்களின் கதவில் மண்டையோடு வரைந்திருக்கும். நான் போன இடத்திலும் மண்டையோடுகள் உண்டு. ஆனால் சட்டையில்.

ஆர்மீனியன் ஸ்திரீட், 45ஆம் எண். 1926இல் கட்டிய துணைமின் நிலையம். அந்த வேலை ஓய்ந்து வெறுமனே கிடந்த கட்டடத்தை நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1990இல் கலைக்கூடமாக்கித் திறந்தார். 1976இல் விசாரணை இல்லாமல் பிடித்து அடைக்கப்பட்டு, நான்கு ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்தவர் அவர். வெளியே வந்து பத்தாண்டு கழித்து இப்படி ஓர் இடத்தை உண்டாக்கினார். கட்டடத்துக்குப் புதிதாகப் பெயர் எதுவும் தேடவில்லை. 'தி சப்ஸ்டேஷன்', அவ்வளவுதான். அவருக்குப் பிறகு 1995 முதல் 2000 வரை கலை இயக்குநராக இருந்தவர் தி. சசிதரன். நான் அதிகமாகச் சுற்றித் திரிந்தது அவர் காலத்தில்தான். அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. நாங்கள் நாடகம் பார்க்கப் போனவர்கள் இல்லையே.

உள்ளே கறுப்புச் சுவர்களோடு ஒரு சின்ன அரங்கு. நாடகத்துக்காகக் கட்டியது. நாற்காலி போட்டால் நூற்றுச் சொச்சம் பேர் உட்காரலாம். எங்கள் நிகழ்ச்சிகளில் யாரும் உட்காருவதில்லை என்பதால் கணக்கு வேறு. நான்காவது பாட்டுக்குள் குளிர்சாதனம் கைவிட்டுவிடும். சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். யாருடைய வியர்வை என்று கேட்கக் கூடாது. மேடையிலிருந்து முதல் வரிசைக்கு இரண்டு அடி தூரம்கூட இருக்காது. டிரம்மரின் இரண்டு கால்களும் இரண்டு பெடலில் ஓடுவதை முதன்முதலில் பக்கத்தில் பார்த்தது அங்கேதான். காதில் கேட்பதற்கு முன்னால் அது வயிற்றில் கேட்கும். வீட்டில் கேசட்டில் கேட்டபோது இரைச்சலாகக் கிடந்த ஒன்று, அங்கே நின்றபோதுதான் தாளமாகப் பிரிந்து வந்தது.

மோதி ஆடக் கூடாது என்ற தடை அப்போது இருந்தது. 'ஸ்லாம் டான்சிங்' என்று 90களின் தொடக்கத்தில் பத்திரிகைகளில் அடிபட்ட சொல். அதனால் நாங்கள் கைகளைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, நூறு பேர் எதற்கோ மிகவும் வேகமாகச் சம்மதம் சொல்வதுபோல இருந்திருக்கும்.

இந்த ஊரில் எங்களுக்கு இது புதிதும் இல்லை. 1972இல் லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவை, முடி நீளம் என்று விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிய ஊர் இது. 2019 மார்ச் 7ஆம் தேதி சுவீடனின் வாட்டெய்ன் என்ற மெட்டல் குழு வாசிப்பதாக இருந்தது, அன்றைக்கே அனுமதி ரத்து. டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது எப்படி என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, நான் சொல்ல வந்தது வேறு.

இந்த நிகழ்ச்சிகளை நாங்கள் 'கிக்' என்போம். எல்லா ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் தமிழ் வீட்டில் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. "சாயங்காலம் கிக் இருக்கு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அடுத்த அரைமணி நேரம் வாயை ஊதிக் காட்டிக்கொண்டிருந்தேன். குடித்துவிட்டு வருகிறேன் என்று நினைத்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், சப்ஸ்டேஷன் அரங்கில் நடந்த எங்கள் கிக்குகளுக்குச் சாராயமே தேவைப்பட்டதில்லை. அது பார் இல்லை. கலைக்கூடம். அறையை வாடகைக்கு எடுப்போம். வாசலில் மேசை போட்டு, ஆளுக்குப் பத்து வெள்ளி வாங்கிக்கொண்டு கையில் முத்திரை குத்துவோம். ஐந்து குழுக்கள் வாசிக்கும். வாடகையும் ஒலிக்கருவிக் காசும் போக ஏதாவது மிஞ்சினால் பரோட்டா. பெரும்பாலும் மிஞ்சாது. பரோட்டா மட்டும் எப்படியோ கிடைத்துவிடும்.

இதனால் என்ன ஆயிற்று? 15 வயதுப் பையன் உள்ளே போக முடிந்தது. சிங்கப்பூர் மெட்டல் கூட்டத்தில் மலாய் நண்பர்கள் நிறைய. அவர்களில் பலர் மதுவைத் தொடாதவர்கள். தொழுகை நேரத்துக்கு வெளியே போய்விட்டு அடுத்த குழுவுக்குத் திரும்பி வருவார்கள். அவர்களும் கூச்சமில்லாமல் நிற்க முடிந்தது. 'ருத்ரா' என்ற குழுவைச் சில நேயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1992இல் நம் பிள்ளைகள் தொடங்கியது. சமஸ்கிருத சுலோகங்களை வைத்துக்கொண்டு, தங்கள் இசைக்கு வேத மெட்டல் என்று பெயரே சூட்டிக்கொண்டவர்கள். ஒரு பக்கம் சுலோகத்தை உறுமுகிறார்கள், இன்னொரு பக்கம் ஹலால் கடையில் வாங்கிய பர்கரோடு ஒருவன் தலையாட்டுகிறான். இரண்டு பேரும் சேர்ந்து நிற்க வேறு எந்த அறை இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு நினைவு வரவில்லை.

2021 மார்ச்சில் செய்தி வந்தது. கட்டடம் பழையது, புதுப்பிக்க வேண்டும். அதன்பிறகு பல குழுக்கள் பகிர்ந்துகொள்ளும் இடமாக்கலாம். சப்ஸ்டேஷனும் அதில் ஒரு குடியாக வரலாம். தேசியக் கலைகள் மன்றத்தின் திட்டம் அது. முழுக் கட்டடமும் கையில் இல்லாமல், அறைகளை வாடகைக்கு விட்டு வரும் வருமானமும் இல்லாமல் நடத்த முடியாது, மூடிவிடுகிறோம் என்றது நிர்வாகக் குழு. நான் இதில் ஒரு பக்கம் நின்று கத்தப் போவதில்லை. அந்த வயதுக் கட்டடத்தில் வயரிங் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பிடுங்கிப் புதிதாகப் போடத்தான் வேண்டும். ஆனால் 'அறை வாடகை வருமானம்' என்று செய்தியில் ஒரே வரியில் வந்ததே, அதைப் படித்தபோது எனக்கு அந்த வாசல் மேசையும் பத்து வெள்ளித் தாள்களும்தான் கண்ணில் வந்தன.

மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு கிக் வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கொவிட் காலம். கூட்டமாக நிற்கவே கூடாது, நின்றுகொண்டு கத்துவதாவது. ஜூலை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். அந்த மாதம் ஒருநாள் வேலை முடிந்து போனேன். எதிர்ப்பக்கம் கறுப்புச் சட்டையில் நாலைந்து பேர் தள்ளித் தள்ளி நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முகக்கவசம். நாற்பதைத் தாண்டிய முகங்கள் என்று நெற்றியை வைத்தே சொல்லலாம். ஒருவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எந்தக் குழுவில் இருந்தவர் என்று இன்னமும் நினைவுக்கு வரவில்லை. நானும் ஆட்டினேன். சாவு வீட்டில் வாய்விட்டு அழக் கூடாது என்று சொல்லி வைத்ததுபோல இருந்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். சப்ஸ்டேஷன் என்ற அமைப்பு செத்துவிடவில்லை. கட்டடம் இல்லாத கலை நிறுவனமாகத் தொடர்கிறது. நாடகத்துக்கும் ஓவியத்துக்கும் அது ஓரளவு முடியும். எங்களுக்குக் கட்டடம்தான் எல்லாம். சுவர் வேண்டும், கதவை அடைக்க வேண்டும், இரண்டு ஆம்ப்ளிஃபயரைத் தாங்குகிற மின்சாரம் வேண்டும், புகார் கொடுக்காத பக்கத்து வீடு வேண்டும். வீவக அடுக்குமாடி வீட்டில் இரவு பத்தரைக்கு மேல் மிக்சி போட்டாலே மேல்மாடியிலிருந்து ஆள் வருகிறார்.

அப்புறம் எங்கே போனோம்? 2022 ஏப்ரலில் இரவுக் கேளிக்கை இடங்கள் திரும்பத் திறந்தபோது, நண்பர்கள் ஒரு பாரில் பேசி இடம் பிடித்தார்கள். பெயர் வேண்டாம். முதலாளி நல்ல மனிதர். கணக்கு சுலபம்: அறைக்கு வாடகை இல்லை, குடிப்பதில் அவருக்கு வருமானம். எண்பது பேர் வந்தார்கள். இரவு முடிந்ததும் முதலாளி ரசீதுச் சுருளை எடுத்துக் காட்டினார். பதினோரு பீர். மிச்சமெல்லாம் தண்ணீரும் கோலாவும். "நீங்கள்லாம் சாத்தானைக் கும்பிடுறவங்கன்னு நினைச்சேன். பால்வாடிப் பிள்ளைங்க மாதிரி இருக்கீங்களே" என்றார். அடுத்த மாதம் அந்த இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வாசலில் 18 வயது ஆகிவிட்டதா என்று அடையாள அட்டை கேட்பார்கள். அந்த 15 வயதுப் பையன் வெளியேதான் நிற்பான்.

எனக்கு வருத்தம் இதில்தான். பழைய ஆட்கள் எங்களுக்கு வழி தெரியும். பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவுக்குப் போய்க் கேட்டுவிட்டு வருவோம். நடுராத்திரி உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் கறுப்புச் சட்டைகளாக வரிசையில் நிற்போம். எஸ்பிளனேட் கலையரங்கில் 2002இலிருந்து நடக்கும் பேபீட்ஸ் இசை விழாவில் நம் குழுக்களுக்கும் அவ்வப்போது இடம் கிடைக்கிறது. இலவசம், எல்லா வயதினரும் வரலாம், கடல்காற்று வேறு. ஆனால் பெரிய மேடைக்குத் தயாராக ஒரு மட்டமான மேடை வேண்டும். தப்புத் தப்பாக வாசித்து, கம்பி அறுந்து, எட்டு பேர் மட்டும் கைதட்டுகிற மேடை. வார்ம்ராட் என்று நம் ஊர்க் குழு, தேசிய சேவை முடித்த கையோடு 2007இல் தொடங்கியது. பேஸ் கிட்டார்கூடக் கிடையாது. 2017இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவரை போய் வாசித்தது. அதற்கு முன்னால் பிரான்சில் ஒரு பண்ணையில் வாசித்தபோது முன்வரிசையில் வந்து நின்றது ஓர் ஆடு. சிரிக்காதீர்கள், அந்த ஆட்டின் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. ஆட்டுக்கே இடம் கொடுக்கிறார்கள், நமக்குத்தான் இல்லை என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

இப்போது எங்கள் வண்டி ஓடுவது பெரும்பாலும் தொழிற்பேட்டைகளில். ஜாமிங் ஸ்டூடியோ என்று மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பயிற்சி அறைகள். அவற்றில் பெரிய அறையாகப் பார்த்து நாற்பது, ஐம்பது பேரை நெருக்கி நிறுத்தி ஒரு கிக்கை நடத்திவிடுகிறோம். டிரம்ஸ் அங்கேயே இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்துப் பட்டறைகளில் ஆள் இருக்காது. நான் போனதும் முதலில் பார்ப்பது சுவிட்ச் பெட்டியைத்தான், தொழில் புத்தி. ஆம்ப்ளிஃபயரையும் மின்விசிறியையும் ஒரே நீட்டிப்பு ஒயரில் செருகியிருப்பார்கள். பாதிப் பாட்டில் மின்சாரம் டிரிப் ஆகி நின்றுவிடும். ஆகாமல் போனால்தான் பயப்பட வேண்டும்.

அங்கே ஓர் அதிசயம். எங்கள் அறைக்கு அடுத்த அறையில் உறுமி மேளக் குழு ஒன்று பயிற்சி செய்கிறது. அவர்களுக்கும் இதே கதைதான். தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 70களில் வந்த கட்டுப்பாடு, 2016இல்தான் வழியில் சில இடங்களில் மட்டும் தளர்ந்தது. வீட்டுக்குக் கீழே அடித்தால் புகார். அதனால் உறுமியும் தொழிற்பேட்டைக்கு வந்து சேர்ந்துவிட்டது. தைப்பூசத்துக்கு முந்தின வாரங்களில் எங்கள் சுவர் அதிரும். அவர்கள் சுவர் எங்களால் அதிரும். ஒருநாள் அவர்களில் ஒரு தம்பி கதவைத் தட்டினான். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். "அண்ணே, அந்த டபுள் பெடலைக் கொஞ்சம் பக்கத்துல வந்து பார்க்கலாமா?" என்றான். நான் மேளத்தின் அந்த 'உம்ம்' என்ற உறுமலை எப்படி வரவழைக்கிறார்கள் என்று கேட்டேன். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்துக் காட்டினான். எங்கள் பாடகர் பத்து வருஷம் தொண்டையை உடைத்துத் தேடிய சத்தம் அது.

போன மாதம் கிக் அன்று, கீழே சரக்கு லிஃப்ட் பக்கத்தில் பள்ளிச் சீருடைக் கால்சட்டையும் கறுப்புச் சட்டையுமாக ஒரு பையன் தயங்கி நின்றுகொண்டிருந்தான். உயர்நிலை மூன்று இருக்கும். கைத்தொலைபேசியைப் பார்ப்பதும் மேலே பார்ப்பதுமாக இருந்தான்.

"அங்கிள், மேலே பெரியவங்க மட்டும்தானா?"

"வீட்டில் என்ன சொல்லிட்டு வந்தே?"

"டியூஷன்னு."

டிரம்ஸின் சிம்பல் தட்டுகள் இருந்த பையை அவன் கையில் கொடுத்தேன். கனம் தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்தான்.

"வீட்டுக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லு. அப்புறம் ஏழாவது மாடி. லிஃப்ட் கதவைக் கையால் இழுத்துப் பிடிக்கணும், இல்லாட்டி மூடிடும்."

நன்றி, வணக்கம்.