நாலரை வருடம் அடைகாத்த ஆக்டோபஸ்: உங்கள் சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளமான கேள்வி, அப்படியே வாசிக்கிறேன். "போன வீடியோவில் ஓர் ஆழ்கடல் ஆக்டோபஸ் நாலரை வருடம் சாப்பிடாமல் முட்டைகளை அடைகாத்தது என்று சொன்னீர்கள். யார் அங்கே போய் நாலரை வருடம் உட்கார்ந்து பார்த்தது? அதே ஆக்டோபஸ்தான் என்று எப்படித் தெரியும்? சாப்பிடாமல் எப்படி உயிரோடு இருக்க முடியும்? கடைசியில் குஞ்சு பொரித்ததா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே!"

நல்ல கேள்வி. கடைசி விஷயத்தைச் சொல்லாமல் விட்டது என் தப்புதான், இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இடம். அமெரிக்காவில் கலிபோர்னியா கரையை ஒட்டி மான்டரே விரிகுடா இருக்கிறது. அதன் அடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு, கரைக்குப் பக்கத்திலேயே தொடங்கி கடலுக்குள் ஆழமாக இறங்கிப் போகிறது. அங்கேயே மான்டரே விரிகுடா அக்வேரியம் ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதால், ஆளில்லாத நீர்மூழ்கி ரோபோவை இறக்கி ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க அவர்களால் முடியும். இது மிக முக்கியம், ஏனென்றால் ஆழ்கடல் உயிரினங்களில் பெரும்பாலானவற்றை நாம் ஒரே ஒரு தடவைதான் பார்க்கிறோம், ஒரு நிமிடம் கேமராவில் தெரியும், அப்புறம் அந்த உயிரை வாழ்நாளில் மறுபடி பார்க்கவே போவதில்லை.

2007 ஏப்ரலில் அந்த நிறுவனத்தின் ஆய்வாளர் புரூஸ் ராபிசன் குழுவினர் சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில் ஒரு பாறைப் பக்கமாகப் போனபோது அந்தப் பாறையில் முட்டை எதுவும் இல்லை. மே மாதம் மறுபடி போனால், செங்குத்தான பாறை முகப்பில் ஒரு பெண் ஆக்டோபஸ் ஒட்டிக்கொண்டு முட்டைகளைக் கைகளால் மூடி உட்கார்ந்திருக்கிறது. கிரானெலெடோன் போரியோபசிஃபிகா என்ற இனம். நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்று சொல்வார்களே, அந்தக் குடும்பத்து உறவுதான், ஆனால் இதற்கு மைப்பை கிடையாது, தோல் முழுக்கப் பரு மாதிரி சொரசொரப்பு, கைகளில் உறிஞ்சிகள் இரண்டு வரிசையாக இல்லாமல் ஒரே வரிசையாக இருக்கும். ஏப்ரலில் காலியாக இருந்தது, மே மாதம் முட்டை இருந்தது என்பதால் அடைகாத்தல் எப்போது தொடங்கியது என்று ஏறக்குறைய துல்லியமாகச் சொல்ல முடிந்தது. ஆழ்கடலில் இப்படி ஒரு தொடக்கத் தேதி கிடைப்பது பெரிய அதிர்ஷ்டம்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. யாரும் கூடவே உட்கார்ந்து பார்க்கவில்லை. 2007 மே முதல் 2011 செப்டம்பர் வரை 18 முறை போய்ப் பார்த்தார்கள், சராசரியாக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு முறையும் அதே பாறை, அதே இடம், அதே ஆக்டோபஸ். எப்படி அதே என்று தெரியும்? அதன் உடம்பில் தழும்புகள் இருந்தன, ஒரு மனிதருக்கு மச்சம் மாதிரி. அதோடு முட்டைகளே ஒரு சாட்சி. போகப் போக அவை பெரிதாகிக்கொண்டே வந்தன, உள்ளே குட்டிகள் உருவாவது கேமராவில் தெரிய ஆரம்பித்தது. நடுவில் ஒரு ஆக்டோபஸ் போய் வேறொன்று வந்து புதிதாக முட்டையிட்டிருந்தால் அந்த வளர்ச்சி அறுந்துபோய் மறுபடி சின்ன முட்டையிலிருந்து தொடங்கியிருக்கும். அப்படி நடக்கவில்லை. மொத்தம் 53 மாதம், நாலரை வருடத்துக்கு ஒரு மாதம் குறைவு. ஆழம் குறைந்த கடலில் வாழும் பெரும்பாலான ஆக்டோபஸ்கள் ஒன்றிலிருந்து மூன்று மாதம்தான் அடைகாக்கும். யானை கருவைச் சுமப்பதே 22 மாதம்தான். முட்டையை அடைகாத்த கணக்கில் இதைவிட நீண்டது வேறு எந்த விலங்கிலும் அதுவரை பதிவானதில்லை.

சாப்பாடு விஷயத்தை நான் போன தடவை கொஞ்சம் அழுத்திச் சொல்லிவிட்டேன், திருத்திக்கொள்கிறேன். 18 முறையும் அது சாப்பிட்டதை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் சரியான வாக்கியம். பக்கத்தில் சின்ன நண்டுகளும் இறால்களும் நடமாடின, முட்டையைத் தொந்தரவு செய்யாதவரை அவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை. ரோபோவின் கையால் நண்டுத் துண்டை நீட்டிப் பார்த்தார்கள், அதையும் வாங்கவில்லை. வருடங்கள் போகப் போக அதன் ஊதா நிறத் தோல் வெளுத்து, உடம்பு தளர்ந்து சுருங்கி, கண்கள் பூத்துப்போயின. தொடக்கத்தில் எடுத்த படத்தையும் கடைசியில் எடுத்த படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது எனக்கு ரொம்ப நேரம் பேச்சு வரவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த உடம்பு அப்படி ஆகாது, தன் உடம்பையே கரைத்துக் கரைத்து அது வாழ்ந்திருக்கிறது.

ஏன் சாப்பிடவில்லை? அடைக்கு உட்கார்ந்த கோழியும் சரியாகச் சாப்பிடாது, ஆனால் நாளுக்கு ஒரு தடவையாவது இறங்கி வந்து அவசர அவசரமாக நாலு பருக்கை கொத்திவிட்டு ஓடும். ஆக்டோபஸில் அதுகூட இல்லை. இதற்குக் காரணம் கண்களுக்குப் பின்னால் இருக்கும் ஒரு ஜோடிச் சுரப்பிகள், பார்வைச் சுரப்பி என்று வைத்துக்கொள்வோம். 1977-இல் ஜெரோம் வோடின்ஸ்கி என்ற ஆய்வாளர் ஒரு சின்ன ஆக்டோபஸ் இனத்தில், முட்டையிட்ட பெண்களிடமிருந்து அந்தச் சுரப்பிகளை எடுத்துப் பார்த்தார். அவை முட்டையை விட்டு விலகின, மறுபடி சாப்பிடத் தொடங்கின, கூடுதல் நாள் உயிரோடும் இருந்தன. அதனால் இதைத் தாயின் தியாகம் என்று தலைப்புப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தியாகம் என்றால் வேண்டாம் என்று சொல்லும் வழியும் இருக்க வேண்டும், இதற்கு அந்த வழியே கிடையாது. அப்படிச் சொல்வதால் அதன் மேல் எனக்குள்ள மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை.

சரி, நாலரை வருடம் எப்படித் தாங்கியது? இங்கேதான் விஷயமே இருக்கிறது. அந்த ஆழத்தில் தண்ணீரின் வெப்பம் சுமார் 3 டிகிரி செல்சியஸ், கிட்டத்தட்ட நம் வீட்டு ஃபிரிட்ஜ். இட்லி மாவை வெளியே வைத்தால் ஒரே ராத்திரியில் பொங்கிவிடும், ஃபிரிட்ஜில் வைத்தால் நாள்கணக்கில் அப்படியே கிடக்கும், இல்லையா? அதேதான். குளிரில் உடம்புக்குள் நடக்கும் எல்லா வேலையும் மெதுவாகிவிடும், அசையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் உயிருக்குச் செலவு இன்னும் குறைவு, உடம்பில் சேர்ந்திருக்கும் சத்து ரொம்ப நாள் தாங்கும். ஆனால் அதே குளிர்தான் முட்டைகளையும் மெதுவாக்குகிறது! தாயைச் சாகவிடாமல் வைத்திருப்பதும் குளிர், அவ்வளவு காலம் காத்திருக்க வைப்பதும் குளிர். இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் "சாப்பிடாமல் எப்படி?" என்று திகைப்பாக இருக்கும்.

இதற்கு நல்ல ஒப்பீடு ஒன்று கிடைத்திருக்கிறது. அதே கலிபோர்னியாவுக்கு அப்பால் டேவிட்சன் கடலடி மலை இருக்கிறது, அதன் அடிவாரத்தில் சுமார் 3,200 மீட்டர் ஆழத்தில் 2018-இல் ஆயிரக்கணக்கான ஆக்டோபஸ்கள் கூட்டமாக அடைகாப்பதைக் கண்டுபிடித்தார்கள். கிட்டத்தட்ட 6,000-ஐ எண்ணியே பார்த்துவிட்டார்கள், ஆக்டோபஸ் தோட்டம் என்றே அதற்குப் பெயர். சுற்றிலும் தண்ணீர் 1.6 டிகிரிதான், ஆனால் அவை கூடு வைத்திருக்கும் பாறை இடுக்குகளில் பூமிக்கடியிலிருந்து வெதுவெதுப்பான நீர் கசிகிறது, அங்கே சுமார் 5 டிகிரி. அந்தச் சில டிகிரி போதும், முட்டைகள் இரண்டு வருடத்துக்குள் பொரித்துவிடுகின்றன. 1.6 டிகிரியிலேயே கிடந்திருந்தால் ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வேறு இனம்தான், இருந்தாலும் வெப்பம் செய்யும் வேலையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நடுவில் இன்னொருவரும் கேட்டிருந்தார், முட்டையைப் பாறையில் ஒட்டியாயிற்று, அப்புறம் தாய் எதற்கு, போய்விடலாமே என்று. போக முடியாது. முட்டைகள் மேல் சேறு படியாமல் துடைக்க வேண்டும், உள்ளே இருக்கும் குஞ்சுக்கு ஆக்சிஜன் கிடைக்கப் புதுத் தண்ணீரை விசிறிக்கொண்டே இருக்க வேண்டும், தின்ன வருபவற்றை விரட்ட வேண்டும். ஒரு மாதம் விட்டுவிட்டுப் போனாலும் அத்தனையும் வீண்.

இப்போது நீங்கள் கடைசியாகக் கேட்டது. 2011 செப்டம்பரில் போனபோது இருந்தது. அக்டோபரில் போனபோது ஆக்டோபஸ் இல்லை. பாறையில் கிழிந்த முட்டை உறைகள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன, எண்ணிப் பார்த்ததில் 155-இலிருந்து 165 வரை. உள்ளே எதுவும் இல்லை. ஆமாம், பொரித்துவிட்டன. ஆழம் குறைந்த கடலில் பல ஆக்டோபஸ்கள் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் முட்டையிடும், அரிசியைவிடச் சின்னக் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து போகும், பெரும்பாலானவை செத்துவிடும். இது இட்டது நூற்றைம்பது சொச்சம்தான், ஆனால் அந்த நாலரை வருடமும் முட்டைக்குள்ளேயே வளர்ந்ததால் அவை வெளியே வரும்போதே முழு உருவம் பெற்ற குட்டி ஆக்டோபஸ்கள், வந்த நாளிலிருந்தே தானாக இரை பிடிக்கக்கூடியவை. தாயை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.